மஞ்சள் இல்லாத காமாலை

ராசிபுரம் பக்கம் யாருக்காவது கண் மஞ்சளாகிவிட்டால் முதல் கேள்வி ‘எந்த ஆஸ்பத்திரி’ என்பதில்லை. ‘எங்கே மருந்து குடிக்கிறீங்க?’ என்பதுதான். நாலு ஊருக்கு ஒருத்தராவது காமாலைக்கு மருந்து கொடுப்பவர் இருப்பார். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போகணும். கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். மூன்று நாள், சிலருக்கு ஐந்து நாள். உப்பு, புளி, எண்ணெய் ஆகாது. காசு இவ்வளவு என்று கேட்க மாட்டார், வெற்றிலை பாக்கோடு வைப்பதை எடுத்துக்கொள்வார். இன்னும் சில இடங்களில் மந்திரிப்பும் உண்டு: சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவச் சொல்வார்கள், தண்ணீர் மஞ்சளாக மாறும், ‘பாருங்க, காமாலை இறங்குது’ என்பார்கள். (மாம்பட்டைச் சாற்றைக் கையில் தடவிச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் காமாலை இல்லாதவருக்கும் மஞ்சள் இறங்கும். பகுத்தறிவு மேடைகளில் இதைப் பலமுறை செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கூட்டம் குறையவில்லை.)

கூட்டம் ஏன் குறையவில்லை? போனவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடுகிறது, அதனால்தான். நம்ம ஊரில் வரும் காமாலையில் பெரும்பங்கு ஹெபடைடிஸ் ஏ அல்லது இ வைரஸால் வருவது. சாக்கடை கலந்த குடிநீர், கழுவாத கை. இந்த இரண்டும் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும் (இ வகை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்தானது, அது தனிக்கதை). கீழாநெல்லி குடித்தாலும் குணமாகும், குளுக்கோஸ் ஏற்றினாலும் குணமாகும், வெறும் கஞ்சி குடித்துப் படுத்திருந்தாலும் குணமாகும். பெயர் மட்டும் கடைசியாகக் கொடுத்த மருந்துக்குப் போய்ச் சேரும்.

ஹெபடைடிஸ் பி இந்தக் கணக்கில் வராது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்று வாங்கிய குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்று வாங்கியவர்களில் அப்படித் தங்குவது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தங்கிவிட்டவர்களுக்குக் கண் மஞ்சளாவதில்லை, பசி குறைவதில்லை. முப்பது நாற்பது வருஷம் ஒன்றுமே தெரியாது. பிறகு ஒருநாள் வயிறு வீங்கும், அல்லது இரத்த வாந்தி வரும், அல்லது ஈரலில் கட்டி என்பார்கள். மஞ்சள் அப்போதுதான் வரும்.

இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியது ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் பழங்குடி மக்களிடையே நடந்துவரும் ஹெபடைடிஸ் பி பணியைப் பற்றிய கட்டுரைகள். கொஞ்ச நாளாக அவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க அவர்களைப் பற்றிய வியப்பைவிட நம் எழுத்துகளைப் பற்றிய எரிச்சல்தான் அதிகமானது. நம்மிடம் ஆராய்ச்சி இருக்கிறது, இலவச மருந்து இருக்கிறது, திட்டம் இருக்கிறது. இல்லாதது எதுவென்று யோசித்தால், முதலில் ஒரு சொல்.

ஹெபடைடிஸ் பி-யைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் ‘கல்லீரல் அழற்சி’. பேச்சில் யாரும் ‘அழற்சி’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிச் சுவரொட்டியில் ‘மஞ்சள் காமாலை – பி வகை’ என்று போடுகிறார்கள். படிப்பவருக்குப் புரியணும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த ஒரு வரி மொத்தக் காரியத்தையும் கெடுத்துவிடுகிறது. மஞ்சள் காமாலை என்றால் கண் மஞ்சளாகணும். ஆகவில்லை என்றால் நோய் இல்லை. ஆகிப் போய்விட்டது என்றால் நோயும் போய்விட்டது. பத்தியம் இருந்தால் தீர்ந்துவிடும். இவ்வளவு பொருளும் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மஞ்சளே இல்லாத, தீராத, ஆனால் கட்டுப்படுத்தி வைக்கக்கூடிய ஒரு நோய்க்கு இதைவிடப் பொருந்தாத பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். வளைகுடா வேலைக்கு எல்லாம் முடிந்து மெடிக்கல் போனார். எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ், ‘அன்ஃபிட்’. சேலம், நாமக்கல் பக்கத்து இளைஞர்கள் நிறையப் பேருக்கு இந்த நோய் அறிமுகமாவதே இந்த ஒரு சொல்லால்தான். ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். ‘உங்களுக்கு ஒண்ணுமில்லை, நீங்க ஹெல்தி கேரியர்’ என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கணும் என்று யாரும் சொல்லவில்லை, அல்லது அவர் காதில் விழுகிற மாதிரிச் சொல்லவில்லை. அவர் 48 நாள் கீழாநெல்லி சாப்பிட்டார். கண் மஞ்சளாக இல்லை, ஆகவே குணம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்யலாம் என்ற பேச்சே எழவில்லை. ஏழு வருஷம் கழித்து வயிறு வீங்கித்தான் மறுபடி ஆஸ்பத்திரிப் படி ஏறினார்.

அந்த அண்ணன் படித்தவர். கீழாநெல்லி பற்றிக் கேட்டபோது ‘அது நம்ம சென்னையிலேயே ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சதுதானே’ என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பற்றிப் பேசியே ஆகணும்.

1988இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும் எழுதியது. கூட எழுதியவர்களில் ஒருவர் பாருக் பிளம்பர்க், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த வேலைக்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர். கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். மருந்து முடிந்து 15 முதல் 20 நாளில் பரிசோதித்தபோது 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 விழுக்காட்டினருக்கு, இரத்தத்தில் ஆன்டிஜன் மறைந்திருந்தது. வெற்றுமருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

எண்ணைப் பார்த்தால் அசந்துபோவோம். நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்கு ஆன்டிஜன் தானாக மறைவது வருஷத்துக்கு நூற்றில் ஒருவர் என்ற அளவில்தான். ஒரு மாதத்தில் பாதிப் பேருக்கு மேல் என்பது இன்றைய மருந்துகள்கூடச் செய்யாத அற்புதம். இவ்வளவு பெரிய பலன் வந்தால் ஆய்வாளன் முதலில் சந்தேகப்படணும். ஒரு பக்கம் 37, மறுபக்கம் 23 என்ற ஏற்றத்தாழ்வே கேள்வி கேட்க வைக்கிறது. மொத்தம் 60 பேர். முதன்மையான அளவீடு மூன்று வாரத்துக்குள். இது தொடக்கநிலை ஆய்வு என்றுதான் கட்டுரையே தன்னைச் சொல்லிக்கொண்டது. அதில் தப்பில்லை. தப்பு பிறகு நடந்ததில்.

1990இல் தாய்லாந்திலிருந்து அதே லான்செட்டில் பதில் வந்தது: அங்கே கொடுத்துப் பார்த்ததில் ஆன்டிஜன் மறையவில்லை. அதற்குப் பின்னும் பல ஆய்வுகள் நடந்தன. 2011இல் காக்ரேன் மதிப்பாய்வு எல்லாவற்றையும் சேர்த்து அலசி, வெற்றுமருந்தைவிடக் கீழாநெல்லி வகைகள் நன்மை செய்கின்றன என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடித்தது. இதற்கிடையே பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் இந்தச் செடியை ஹெபடைடிஸுக்குப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தது. நம்ம ஊர் மோர்க் கலவைக்கு அமெரிக்கக் காப்புரிமையா என்று அதற்கு ஒரு சண்டை.

தமிழில் கீழாநெல்லி பற்றி வரும் கட்டுரைகளைப் பாருங்கள். காப்புரிமைச் சண்டை வரும். 1988 ஆய்வு வரும். 1990 வராது, 2011 வராது. நமக்குப் பெருமை தரும் முடிவோடு ஆராய்ச்சி வரலாறு நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப் செய்தியில் இப்படி இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மருத்துவப் பக்கம் எழுதுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

தியாகராஜன் குழுவை இதில் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. அன்றைக்கு ஹெபடைடிஸ் பி-க்கு இருந்தது இன்டர்ஃபெரான் ஊசி. சாதாரண ஆளால் வாங்க முடியாத விலை. மாத்திரை என்று ஒன்று, லாமிவுடின், இந்த நோய்க்கு வந்ததே 1998இல்தான். வயலோரம் முளைக்கும் ஒரு செடி வேலை செய்யுமா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தது நல்ல அறிவியல். சோதனைக்குப் பின் வந்த விடையை ஏற்காமல் இருப்பதுதான் மோசம்.

பிளம்பர்க் பெயர் வந்ததால் இன்னொரு விஷயம். அவர் கண்ட ஆன்டிஜனுக்கு முதலில் வைத்த பெயர் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’. பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நியூயார்க் நோயாளி ஒருவரின் சீரம், எங்கோ சேகரித்து வைத்திருந்த ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் சீரத்தோடு வினைபுரிந்தது. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1965இல் கட்டுரை, பிறகு இரத்த வங்கிகளில் பரிசோதனை, தடுப்பூசி, நோபல். உலகத்துக்கே பயன். அந்த இரத்தத்தைக் கொடுத்த மக்களிடம் அவர்கள் மொழியில் ‘உங்கள் உடம்பில் இருப்பது இதுதான்’ என்று முழுசாகச் சொல்ல அரை நூற்றாண்டு ஆனது.

அர்னெம் நிலத்து மக்களிடம் மென்சீஸ் ஆய்வு நிறுவனத்தார் முதலில் செய்தது மருந்து கொடுப்பதல்ல, கேட்பது. இந்த நோயைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள், என்ன புரிந்தது, எப்படிச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும் என்று கேட்டார்கள். 2014இல் வந்த அந்த ஆய்வின் தலைப்பே, உன் இரத்தம் மட்டும்தான் அந்தக் கதையைச் சொல்ல முடியும் என்ற பொருள்படும் ஒரு வாக்கியம். இரத்தம் எடுத்துப் போனார்கள், முடிவு என்ன ஆச்சுன்னு தெரியாது. ஏதோ பி-ன்னு சொன்னாங்க, நான் நல்லாத்தானே இருக்கேன் – இந்த மாதிரி அனுபவங்களிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். பிறகு யோல்ங்கு மாத்தா மொழியில் படங்களோடும் குரலோடும் ஒரு செயலி செய்தார்கள். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்ததல்ல, அந்த மக்களோடு உட்கார்ந்து எந்தப் படம், எந்தச் சொல், எந்த வரிசை என்று முடிவு செய்தது. பின்னர் வேறு பல பழங்குடி மொழிகளுக்கும் போனது.

2018க்குப் பிறகு இதை வட பிராந்தியம் முழுக்க விரித்தார்கள். பழைய மருத்துவப் பதிவுகளைத் தோண்டி, ஒவ்வொருவரும் தொற்று உள்ளவரா, தடுப்பு பெற்றவரா, தெரியாதவரா என்று குறியிட்டார்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் உள்ளூர்ப் பழங்குடி சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி. நிபுணர் தூரத்திலிருந்து உதவுவார், நோயாளியை அலையவிடுவதில்லை. தொற்று உள்ளவர்களில் ஏறத்தாழ எல்லோரும் கண்டறியப்பட்டார்கள், 80 விழுக்காட்டுக்கு மேல் தொடர் கவனிப்பில் இருக்கிறார்கள். உலக அளவில் 2022 நிலவரம் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது: ஹெபடைடிஸ் பி உள்ள 25.4 கோடிப் பேரில் தமக்கு இருப்பது தெரிந்தவர் 13 விழுக்காடு, மருந்து பெறுபவர் 3 விழுக்காடு. இந்தியாவின் பங்கு சுமார் 3 கோடிப் பேர்.

ஆஸ்திரேலியப் பணியிலும் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. கட்டுரைகளில் ‘சமூகம் முன்னெடுத்த’ என்று வருகிறது. ஆனால் பணம் வருவதும் தரவு போய்ச் சேருவதும் ஆய்வு நிறுவனத்துக்கு. கேட்டுச் செய்வது ஒன்று, முன்னெடுப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. நம்ம ஊர்த் திட்ட அறிக்கைகளில் நிலைமை இதைவிட மோசம். ‘சமூகப் பங்கேற்பு’ என்றால் கூட்டத்துக்கு ஆள் திரட்டிக்கொடுக்கும் பெண் என்று அர்த்தம்.

இனி மலைக்கு வருவோம். ராசிபுரத்திலிருந்து கிழக்கே பார்த்தால் தெரிவது கொல்லிமலை. காரவள்ளியில் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. மேலே செம்மேடு, சோளக்காடு சந்தை, அறப்பளீஸ்வரர் கோயில், மிளகு, காப்பி, அன்னாசி. வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்தாரோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் அதனால் மலையாளி. ஒவ்வொரு முறையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.) காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, சித்தேரி என்று சேலத்தைச் சுற்றியுள்ள மலைகளெல்லாம் அவர்கள் ஊர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல்.

அவர்கள் தமிழ் பேசுகிறார்கள். அதனாலேயே அவர்களுக்கென்று தனியாக எதையும் எழுத வேண்டியதில்லை என்று முடிவாகிவிடுகிறது. நீலகிரிப் பழங்குடிகளுக்காவது ‘மொழி வேறு’ என்று யாராவது யோசிப்பார்கள். இங்கே கீழ்நாட்டுச் சுவரொட்டியே அப்படியே மலையேறுகிறது, ‘மஞ்சள் காமாலை – பி வகை’ உட்பட.

பழங்குடிகளிடம் ஹெபடைடிஸ் பி அதிகம் என்பதற்கு எல்லோரும் எடுத்துப்போடும் ஒரு எண் உண்டு. 2007இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த தொகுப்பாய்வு: பழங்குடி அல்லாதோரில் 2.4 விழுக்காடு, பழங்குடியினரில் சுமார் 16 விழுக்காடு. ஆளை மிரட்டும் எண்தான். ஆனால் ‘இந்தியப் பழங்குடி’ என்று ஒரு ஆள் கிடையாது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஜாரவா, ஷோம்பென், நிக்கோபாரி மக்களிடம் தொற்று மிக மிக அதிகம் என்பதை போர்ட் பிளேரில் உள்ள ஐ.சி.எம்.ஆர். மையத்தின் ஆய்வுகள் காட்டின. சின்ன, தனித்த தீவுக் கூட்டத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு என்று சுற்றிச் சுற்றி வந்த தொற்று அது. அதையும் நிலப்பரப்புப் பழங்குடிகளையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி எடுத்த சராசரியைக் கொல்லிமலைக்காரர் நெற்றியில் ஒட்டுவது ஆராய்ச்சியாகாது. ஏற்கெனவே ‘மலைக்காரன்’ என்று ஒரு பார்வை இருக்கும் ஊரில், ‘ஆறு பேரில் ஒருத்தனுக்கு வியாதி’ என்ற தலைப்புச் செய்தி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் மலையில் ஆபத்து வேறு வடிவத்தில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2002-03இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் தொடங்கி, 2011இல்தான் நாடு முழுக்கப் போனது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி அந்த டிசம்பரில் முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும். ஆக இன்று பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். அவர்கள் குழந்தைக்கு முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் போடணும். ஆறாவது வாரம் போடும் பென்டாவேலன்ட் அதற்கு ஈடாகாது, தாயிடமிருந்து வரும் தொற்று பிரசவத்தின்போதே ஏறிவிடுகிறது. சமவெளியில் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், ஊசியும் அங்கேயே. மலையில் மழைக்காலத்து ராத்திரி வலி கண்டு, வண்டி வருவதற்குள் வீட்டிலோ வழியிலோ பிறந்துவிட்டால் அந்த 24 மணி நேரம் கைவிட்டுப் போகிறது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகளை அரசு வைத்திருப்பது இதற்காகவும்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் மிளகு பறிப்பு நேரத்தில் வீட்டையும் பெரிய பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஒரு பெண் பத்து நாள் முன்னதாக வந்து படுத்துக்கொள்வாளா என்பதை அறை கட்டுகிறவர் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது தொடர் கவனிப்பு. தொற்று இருக்கும் எல்லோருக்கும் மருந்து வேண்டியதில்லை. ஆனால் எல்லோரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கணும்: ஈரல் நொதி, தேவைப்பட்டால் பி.சி.ஆர்., ஸ்கேன். மருந்து தொடங்கினால் தினம் ஒரு டெனோஃபோவிர், பெரும்பாலும் ஆயுசு முழுக்க. இடையில் நிறுத்தினால் நோய் பாய்ந்து வரும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். காகிதத்தில் எனக்கு அந்தத் திட்டத்தின் மேல் பெரிய குறை இல்லை. சிகிச்சை மையங்களில் சக நோயாளியாக இருந்து வழிகாட்டும் ஒருவருக்குக்கூட அதில் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் மையம் இருப்பது மாவட்டத் தலைநகரில். மேல்சாதி, கீழ்சாதி மாதிரி மேல்நாடு, கீழ்நாடு. இறங்கி வருவது ஒருநாள் கூலி, பஸ் காசு, வளைவில் வாந்தி, ‘இன்னிக்கு டாக்டர் இல்லை, வியாழக்கிழமை வாங்க’. உடம்பில் ஒரு கோளாறும் தெரியாதவர் இதை எத்தனை வருஷம் செய்வார்? திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போட மத்தியப்பிரதேசம் போகும் இளைஞன் எந்த வியாழக்கிழமை வருவான்?

இத்தனைக்கும் இதே அரசு, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது, கொண்டு வருவது அந்தப் பகுதிப் பெண். அதே பையில் டெனோஃபோவிர் ஏன் வரக்கூடாது? ‘பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும்’ என்பது ஒரு பதில், நியாயமான பதில். சர்க்கரை மாத்திரை வாங்குவதை யாரும் ஒளிப்பதில்லை, ஹெபடைடிஸ் மாத்திரையை ஒளிப்பார்கள். அப்படியானால் தீர்க்க வேண்டியது பஸ் வசதியை மட்டுமல்ல.

ஒளித்து வைக்கும் நோயைப் பற்றி நாமக்கல் மாவட்டத்துக்கு வேறு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் லாரித் தொழிலோடு சேர்ந்து எச்.ஐ.வி. வந்து இந்த ஊர்ப் பெயரே கெட்டுக்கிடந்தது. பெண் கொடுக்க யோசித்தார்கள். அந்த நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி 1998இல் இன்னும் சில பெண்களோடு சேர்ந்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். எச்.ஐ.வி. உள்ள பெண்கள், முகத்தை மறைக்காமல், தாங்களே நடத்திய அமைப்பு. மருந்து கேட்டார்கள், சொத்துரிமை கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நோயாளிகளே முன்னெடுப்பது என்றால் என்ன என்பதற்கு ஆஸ்திரேலியா வரை போகணுமா? ஏறத்தாழ அதே வழிகளில் பரவும் ஹெபடைடிஸ் பி-க்கு இப்படி ஒரு குரல் இல்லை. எச்.ஐ.வி. சீக்கிரம் கொன்றது, அதனால் கூட்டம் சேர்ந்தது. இது மெதுவாகக் கொல்கிறது.

மலையிலும் முன்மாதிரி இருக்கிறது. தர்மபுரி மாவட்டம், அரூர் வட்டத்தில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. கல்வராயனுக்கும் சித்தேரிக்கும் நடுவில், அதே மலையாளி மக்கள். 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அப்போது ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. உள்ளூர்ப் பெண்பிள்ளைகளுக்கே நர்ஸ் வேலை பழக்கினார்கள். ஊர் ஊருக்கு மூத்த பெண் ஒருவரைச் சுகாதாரப் பணியாளராக வைத்தார்கள். சிசு மரணம் அதில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. பிறந்த குழந்தையைப் பார்க்க வீட்டுக்குள் நுழைய அந்தப் பெண்ணுக்கு அனுமதி தேவையில்லை, அவள் பெரியம்மா. 24 மணி நேர ஊசிக்கு இதைவிடத் தோதான ஆள் யார்?

ஆனாலும் பிரசவம் ஒரு நிகழ்வு, முடிந்துவிடும். ஆயுசு முழுக்கக் கூட வரும் நோய்க்கு கூடலூரைப் பார்க்கணும். அங்கே முதலில் வந்தது நில உரிமைப் போராட்டமும் ஆதிவாசி முன்னேற்ற சங்கமும். அதன் தொடர்ச்சியாக ‘அஸ்வினி’ அமைப்பும் ஆதிவாசி மருத்துவமனையும். செவிலியர்கள் பணியர், குறும்பர் குடும்பத்துப் பெண்கள். அரிவாள்செல் சோகை என்ற, பிறவியிலேயே வந்து கடைசிவரை போகாத நோயை அவர்கள் வருஷக்கணக்காகக் கவனித்து வருகிறார்கள்: இரத்தம் பார்ப்பது, குடும்பத்தாரிடம் பேசுவது, வலி வந்தால் எங்கே வரணும் என்று பழக்குவது, கல்யாணப் பேச்சில் வரும் சிக்கலைச் சமாளிப்பது. ஹெபடைடிஸ் பி-க்கு வேண்டியதும் வரிக்கு வரி இதேதான். இரண்டு இடத்திலும் கவனித்தால், வைரஸுக்காகவோ சோகைக்காகவோ யாரும் கூடவில்லை. மக்கள் ஏற்கெனவே வேறு காரணத்துக்காகக் கூடியிருந்தார்கள், நோய் அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. திட்டக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் நோய், பிறகு அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பேனர், நிதியாண்டு முடிந்தால் குழுவும் முடிந்தது.

சொல்லுக்குத் திரும்பி வருகிறேன். காமாலை இல்லாத ஒரு பெயர் வேண்டும். ‘ஈரல் கிருமி’ என்று சொல்லிப் பார்த்தேன். அழகில்லை, ஆனால் இரண்டு சொல்லும் எல்லோருக்கும் தெரியும். கிருமி உள்ளே இருக்கும், வெளியே தெரியாது என்பது அதிலேயே வந்துவிடுகிறது. இதைவிட நல்ல பெயரைச் செம்மேட்டிலோ சிட்லிங்கியிலோ நாலு பெண்கள் உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

காமாலைக்கு மருந்து கொடுப்பவர்களைத் திட்டத்துக்குள் கொண்டுவர முடியுமா என்ற யோசனையும் எனக்கு உண்டு. நண்பர்களான டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் ஒரு சுற்றுவட்டாரத்தில் கண் மஞ்சளான எல்லோரையும் பார்க்கும் ஒரே ஆள் அவர்தான், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அந்தப் பட்டியல் கிடையாது. மருந்து கொடுக்கட்டும். கூடவே ‘ஒரு தடவை ரத்தத்துல ஈரல் கிருமி இருக்கான்னு பாத்துட்டு வாங்க’ என்று ஒரு வரி சொன்னால் போதும். கீழாநெல்லி அந்த வரிக்கு எதிரியல்ல.

எங்கள் பக்கத்தில் மருந்து கொடுக்கும் பெரியவரிடம் போன மாதம் இதைச் சொன்னேன். அறுபத்தைந்து வயசிருக்கும், அவர் அப்பாவும் கொடுத்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மியைக் கழுவியபடியே சொன்னார்: ‘அனுப்பறதுல எனக்கென்னங்க தம்பி. போன வருசம் ஒரு புள்ளையை நானே அனுப்புனேன், வயிறு சரியில்லைன்னு. அங்க போனதும் எவன் உன்னைக் கீழாநெல்லி குடிக்கச் சொன்னான்னு அந்தப் புள்ளையைத் திட்டி அனுப்பிட்டாங்க. அது திரும்ப எங்கிட்டத்தான் வந்துச்சு. திட்டாம இருப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க, நான் அனுப்பறேன்.’